உப்புக்கு அஞ்சும் எவர்சில்வர்

தமிழ்நாட்டுச் சமையலறையில் எவர்சில்வர் புகாத இடம் குறைவு. அரிசி டின், பருப்பு டப்பா, சாம்பார் வாளி, தண்ணீர்க் குடம் எல்லாம் அதுதான். உப்புக்கு மட்டும் அங்கே இடம் இல்லை. உப்பு பீங்கான் ஜாடியில் இருக்கும், இல்லையென்றால் மரவையிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ இருக்கும். ஊறுகாய்க்கும் இதே ஏற்பாடுதான். காரணம் கேட்டால், "எவர்சில்வர்ல வெச்சா உப்பு அரிச்சுடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

துருப்பிடிக்காது என்று சொல்லி விற்கும் உலோகத்தைச் சாதாரணச் சமையல் உப்பு எப்படி அரிக்கிறது? இதே உலோகத்தில்தான் தினமும் உப்புப் போட்டு ரசம் வைக்கிறோம். ஆண்டுக் கணக்கில் ஒன்றும் ஆவதில்லை. ஈர உப்பைச் சில நாள் அப்படியே விட்டுவைத்தால் மட்டும் அடியில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுகிறது. சென்னை பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த பால்கனிக் கைப்பிடியில் சில மாதங்களிலேயே டீ சிந்தியது போன்ற பழுப்புக் கறை படிகிறது. கடலிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போனால் அதே கம்பி ஆண்டுக் கணக்கில் பளபளக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் காரணம் அந்த உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் ஒரு படலம். அதன் கதை ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையின் கவலையில் தொடங்குகிறது.

ஷெஃபீல்டில் அரிபடாத ஒரு துண்டு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திக்கும் எஃகுக்கும் பேர்போனது. அங்கிருந்த பிரவுன் ஃபர்த் ஆய்வகத்தின் தலைவர் ஹாரி பிரியர்லியிடம் 1912-ல் ஒரு வேலை வந்தது. துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் சூட்டிலும் உராய்விலும் சீக்கிரம் தேய்ந்துபோகிறது, அதைத் தடுக்க ஓர் எஃகு வேண்டும் என்றார்கள். அவர் குரோமியத்தைக் கூட்டிக் கூட்டிச் சேர்த்துப் பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 அன்று வார்த்த எஃகில் குரோமியம் 12.8 சதவீதம் இருந்தது.

எஃகின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்றால், அதை மெருகேற்றி, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தால் லேசாக அரிக்கச் செய்வார்கள். இந்தத் துண்டு அந்த அமிலத்துக்கு அசையவே இல்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும் கூட அதன்மேல் தடம் பதிக்கவில்லை. துப்பாக்கிக் குழலுக்கு வழி தேடியவர் அதில் சாப்பாட்டு மேசைக் கத்தியைக் கண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த எஃகுக்கு 1912-ல் காப்புரிமை கேட்டிருந்தது. இன்று பாத்திரத்தின் அடியில் '18/8' என்று முத்திரை குத்தியிருந்தால் அது இந்த ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடைக்காரர்கள் '304 கிரேடு' என்று சொல்வது இதைத்தான்.

நைட்ரிக் அமிலத்தை அந்தத் துண்டு எப்படித் தாங்கியது? சாதாரண இரும்பில் படியும் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் காற்றும் ஈரமும் மீண்டும் உள்ளே போகும், அரிப்பு ஓயாது. குரோமியம் அப்படிச் செய்வதில்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இடைவெளி இல்லாத, இறுக்கமான, ஒளி ஊடுருவும் ஒரு படலமாக மேற்பரப்பில் படிந்துவிடுகிறது. இதைக் காப்புப் படலம் என்று அழைப்போம். இதன் தடிமன் சுமார் 1 முதல் 3 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் வர வேண்டுமென்றால் இப்படிப்பட்ட படலங்களை 40,000 வரை அடுக்க வேண்டும்.

எஃகில் குரோமியம் ஏறத்தாழ 10.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் இந்தப் படலம் எங்கும் விட்டுப்போகாமல் மூடும். அதனால்தான் அந்த அளவு இந்த எஃகு வகைக்கே எல்லைக்கோடாக இருக்கிறது. கத்தியால் கீறினாலும் கம்பி நாரால் தேய்த்தாலும் படலம் கிழியத்தான் செய்யும். ஆனால் சூடான பாலில் ஆடையை எடுத்த பிறகு மறுபடி ஆடை படிவது போல, கீறிய இடத்தில் கண நேரத்தில் புதிய படலம் உருவாகிவிடும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், கீறல் சுத்தமாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் எவர்சில்வர் வெறும் இரும்புதான்.

ஒரு கல் உப்பு

குளிர்ந்த தண்ணீர் உள்ள பாத்திரத்தில் ஒரு கல் உப்பைப் போட்டுக் கிளறாமல் விட்டால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம். எவர்சில்வர் அரிப்பின் மொத்தக் கதையும் அந்த ஒரு கல்லுக்கு அடியில் நடக்கிறது.

கல் மூழ்கி அடியில் உட்காருகிறது. மெதுவாகக் கரைகிறது. அதைச் சுற்றி, உலோகத்தை ஒட்டி, மிக அடர்த்தியான உப்புக் கரைசல் தேங்குகிறது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். கரையும் கல்லின் காலடியில் அது 26 சதவீதம் வரை போகலாம். மேலே உள்ள தண்ணீர் அதைக் கலைப்பதில்லை. கல் மூடியிருப்பதால் ஆக்சிஜனும் அங்கே எளிதில் எட்டுவதில்லை.

உப்பில் இருப்பது சோடியமும் குளோரைடும். இதில் கெடுதல் செய்வது குளோரைடு. காப்புப் படலத்தில் ஏதாவது ஓர் இடம் பலவீனமாக இருந்தால் அதன் வழியே குளோரைடு உலோகத்தைத் தொட்டுவிடுகிறது. அங்கே சில இரும்பு அணுக்களும் குரோமியம் அணுக்களும் எலக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு, நேர்மின் அயனிகளாகக் கரைகின்றன. ஊசிமுனையைவிடச் சிறிய ஒரு பள்ளம் விழுகிறது.

படலம் உடனே ஆறியிருக்க வேண்டும். ஆனால் பள்ளத்துக்குள் வேறொன்று நடக்கிறது. கரைந்த குரோமியம் அயனிகள் தண்ணீரோடு வினைபுரிந்து அதைப் பிளக்கின்றன. மிஞ்சுவது அமிலம். அதோடு, உள்ளே சேரும் நேர்மின்னூட்டத்தை ஈடுகட்ட, எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு வெளியிலிருந்து மேலும் மேலும் உள்ளே இழுக்கப்படுகிறது. பள்ளத்துக்குள் இப்போது அமிலமும் அடர்ந்த குளோரைடும் சேர்ந்து இருக்கின்றன. அந்தச் சாற்றின் புளிப்பு எலுமிச்சைச் சாற்றையும் மிஞ்சும். அதில் காப்புப் படலம் உருவாகவே முடியாது. பள்ளம் ஆழமாகிறது, ஆழமாக ஆக இன்னும் அமிலம் சேர்கிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்த அரிப்புக்குக் குழியரிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கரைந்த அணுக்கள் விட்டுச்சென்ற எலக்ட்ரான்கள் எங்கேனும் செலவாகியே தீர வேண்டும். பள்ளத்துக்கு வெளியே பாத்திரத்தின் பளபளப்பான பரப்பு முழுவதும் தண்ணீரோடு தொட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அங்கே அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. வாங்கும் இடம் பாத்திரம் முழுக்கப் பரந்தது, கொடுக்கும் இடம் ஊசிமுனை. அந்த ஊசிமுனை எவ்வளவு வேகமாகக் கரைய வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண இரும்புச் சட்டி உடம்பெல்லாம் துருப்பிடித்து மெதுவாக மெலியும். எவர்சில்வர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், ஓர் இடத்தில் மட்டும் ஓட்டை விழும். எஃகுத் தொட்டி வைத்திருப்பவர்கள் குழியரிப்பைக் கண்டு அஞ்சுவதற்கு இதுதான் காரணம். எடை பார்த்தாலும் தடிமன் அளந்தாலும் ஒன்றும் தெரியாது. ஒழுகிய பிறகுதான் தெரியும்.

ரசம் ஏன் பாத்திரத்தைக் கெடுப்பதில்லை என்பதும் இப்போது விளங்கும். கொதிக்கும் நீரில் உப்பு சட்டென்று கரைந்து பரவிவிடுகிறது, ஓரிடத்தில் தேங்குவதில்லை. கொதிநீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவு, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வேலை முடிந்ததும் பாத்திரம் கழுவப்பட்டுவிடுகிறது. தக்காளியிலும் புளியிலும் அமிலம் இருக்கிறதே என்று தோன்றலாம். அந்த மென்மையான அமிலங்களைப் பிரியர்லியின் துண்டு அன்றைக்கே தாங்கிக் காட்டிவிட்டது. ஆகவே தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போடுவதே பாத்திரத்துக்கு நல்லது. ஏற்கெனவே அடியில் சில புள்ளிகள் விழுந்திருந்தால் சமையலுக்கு ஆபத்தில்லை, பாத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டாம்.

பலவீனமான இடம் எது?

படலத்தின் பலவீனமான இடம் எங்கே என்ற கேள்வி ஆய்வாளர்களை நீண்ட காலம் அலைக்கழித்தது. எந்த எஃகிலும் சிறிதளவு கந்தகம் இருக்கும். அது மாங்கனீசோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மணிகளாக உலோகத்துக்குள் சிதறிக் கிடக்கும். குழிகள் பெரும்பாலும் இந்த மணிகளின் ஓரத்தில்தான் தொடங்குகின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேரி ரயன் உள்ளிட்டோர் 2002-ல் 'நேச்சர்' இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள். மணியைச் சுற்றி மிக மெல்லிய ஒரு வளையத்தில் குரோமியம் குறைந்திருக்கிறது என்றார்கள். வேறு ஆய்வாளர்கள் தங்கள் மாதிரிகளில் அந்த வளையத்தைக் காணவில்லை. மணியே கரைந்து, கந்தகத்தை வெளிவிட்டுப் படலத்தைக் கெடுக்கிறது என்பது பழைய விளக்கம். இரண்டில் எது சரியானாலும் குற்றவாளி அந்த மணிதான். அதனால் நல்ல எஃகு ஆலைகள் கந்தகத்தைக் குறைப்பதில் மிகக் கவனமாக இருக்கின்றன.

2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்தால் குழியரிப்பு கணிசமாகக் குறையும். அதுதான் 316 கிரேடு. கடற்கரைக் கட்டடங்களுக்கு இதைப் பரிந்துரைப்பது இதனால்தான். மறுபக்கம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை எஃகு நம் கடைகளில் ஏராளமாக விற்கிறது. விலை மலிவு, குரோமியமும் பெரும்பாலும் குறைவு, உப்பை அவ்வளவு தாங்காது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குபவர்களை இது எளிதில் ஏமாற்றிவிடும், ஏனென்றால் 304 போலவே இதிலும் காந்தம் ஒட்டாது. நிக்கலே இல்லாத 430 கிரேடில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் இருந்தும் காந்தம் நன்றாக ஒட்டும். காந்தம் காட்டுவது அணுக்களின் அடுக்கு முறையை. படலத்தின் உறுதியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஊஸ்டர் நீச்சல் குளம்

1985 மே 9. சுவிட்சர்லாந்தின் சூரிக் மாநிலத்தில் உள்ள ஊஸ்டர் என்ற ஊரில், உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் தொங்கு கூரை அப்படியே விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். கட்டடம் திறந்து 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் கூரையைத் தூக்கிப் பிடித்திருந்தவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். துரு வரக்கூடாது என்றுதான் அந்த எஃகைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

குளத்து நீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலப்பார்கள். அது நீச்சலடிப்பவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரிந்து, எளிதில் ஆவியாகும் பொருள்களைத் தருகிறது. அவை மேலே போய்க் கூரைக்கு மேலிருந்த கம்பிகளில் மெல்லிய ஈரமாகப் படிந்தன. ஈரம் காயும், மறுபடி படியும். ஒவ்வொரு முறையும் குளோரைடு கொஞ்சம் அடர்த்தியாகும். யாரும் போகாத, யாரும் கழுவாத இடம் அது. அதோடு அந்தக் கம்பிகள் எப்போதும் பாரத்தால் இழுபட்டுக்கொண்டே இருந்தன. இழுவிசையும் குளோரைடும் சேர்ந்தால் குழியின் அடியிலிருந்து முடிபோன்ற விரிசல்கள் கிளைத்து உள்ளே ஓடும். இழுவிசை அரிப்பு என்று இதைச் சொல்லலாம். இது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வரும் என்று பொறியாளர்கள் நம்பியிருந்தார்கள். நீச்சல் குளத்தின் காற்றோ உடல் சூட்டைக்கூட எட்டாதது.

இந்த விபத்துக்குப் பிறகு, நீச்சல் குளத்தில் பாரம் தாங்கும், கழுவ முடியாத உறுப்புகளுக்கு 304, 316 கூடாது என்ற முடிவுக்கு ஐரோப்பியப் பொறியாளர்கள் வந்தார்கள். 6 சதவீதம் அளவுக்கு மாலிப்டினம் உள்ள விலை உயர்ந்த எஃகுகள் அந்த இடத்துக்கு வந்தன.

நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சியை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1930-ல் 18/8 வகை எஃகால் போர்த்தப்பட்ட அந்தக் கோபுரம், கடலோர நகரத்தில் இருந்தும் இன்றுவரை மின்னுகிறது. மிக அரிதாகத்தான் அதைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். மீதியை மழை பார்த்துக்கொள்கிறது. கடற்கரை வீடுகளிலும் இதைக் காணலாம். மழை நேராக அடிக்கும் கம்பியைவிட, சன்ஷேடுக்கு அடியில் நனையாமல் இருக்கும் கம்பியில்தான் கறை முதலில் படியும். உப்புக்காற்று எல்லா இடத்திலும் உப்பைப் படியவைக்கிறது, கழுவப்படும் இடம் மட்டும் தப்புகிறது.

பட்டறையில் நடப்பது

வீடு கட்டுபவர்கள் எந்த கிரேடு என்று கேட்கிறார்கள். மேற்பரப்பு எப்படி முடிக்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. பல சமயம் 316 கம்பியிலும் கறை வருவது இந்த அலட்சியத்தால்தான். சொரசொரப்பான பரப்பின் நுண்ணிய வரிப்பள்ளங்களில் உப்பும் தூசியும் ஈரமும் தங்கிவிடும். சொரசொரப்பு அரை மைக்ரோமீட்டருக்குக் கீழே இருந்தால் கறை வெகுவாகக் குறையும் என்பது கடலோர நாடுகளின் அனுபவம்.

பட்டறையில் இன்னொரு தவறும் சகஜம். சாதாரண இரும்பு கேட்டை ராவிய அதே கிரைண்டிங் சக்கரத்தால், அதே கம்பி பிரஷ்ஷால் எவர்சில்வரையும் தேய்ப்பார்கள். இரும்புத் தூள் எவர்சில்வருக்குள் பதிந்துவிடும். முதல் மழையிலேயே அந்தத் தூள் துருப்பிடிக்கும், பழி எவர்சில்வர் மேல் விழும்.

வெல்டிங் செய்த மூட்டை ஒட்டி மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக ஒரு பட்டை தெரியும். காய்ந்த அடுப்பில் மறந்து வைத்த பாத்திரத்தின் அடியிலும் அதே நிறங்கள் வரும். சூட்டில் படலம் தடித்துப்போய், ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது நிறம் காட்டுகிறது. பாத்திரத்தில் அது வெறும் அழகுக் குறைதான், வினிகர் பெரும்பாலும் போக்கிவிடும். வெல்டிங்கில் அப்படி விட்டுவிட முடியாது. தடித்த அந்தப் படலம் தனக்கு வேண்டிய குரோமியத்தை அடியிலுள்ள உலோகத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடியில் ஒரு மெல்லிய அடுக்கு வறியதாகிவிடும். அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

இதற்கு மருந்து அமிலம். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் கலந்த 'பிக்ளிங் பேஸ்ட்' அந்த வண்ணத்தையும் வறிய அடுக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். இதைக் கையாளும் தொழிலாளிக்கு ரப்பர் கையுறையும் முகக்கவசமும் பக்கத்தில் தண்ணீரும் கண்டிப்பாக வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் பட்ட உடனே வலி தெரியாமல் போகலாம், ஆனால் தோலுக்கு அடியில் எலும்பு வரை ஊடுருவும். சின்னப் பட்டறைகளில் வெறுங்கையால் இதைத் தடவுவதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அதன் பிறகு 'பேஸிவேஷன்', அதாவது காப்பூட்டல். நைட்ரிக் அமிலத்தாலோ, அதைவிட ஆபத்து குறைந்த சிட்ரிக் அமிலத்தாலோ பதிந்த இரும்புத் தூளைக் கழுவி எடுப்பது. படலத்தில் இரும்பின் பங்கு குறைந்து குரோமியத்தின் பங்கு கூடும்.

பால் பண்ணைக் குழாய்களுக்கும் மருந்து ஆலைகளுக்கும் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பொருளை அமிலக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், நுண்ணிய மேடுகள் முதலில் கரைந்து பரப்பு சமமாகிவிடும். இதயக் குழாயில் வைக்கும் ஆரம்பகால ஸ்டென்ட்கள் 316 வகை எஃகில் செய்யப்பட்டு இப்படித்தான் மெருகேற்றப்பட்டன.

நைட்ரஜன் ஊட்டுதல்

எவர்சில்வருக்கு இன்னொரு குறை உண்டு, அது மென்மையானது. வால்வும் பம்பும் போலத் தேயும் உறுப்புகளுக்கு உதவாது. சாதாரண எஃகைக் கடினமாக்க 500 டிகிரிக்கு மேல் நைட்ரஜனை ஊட்டுவார்கள். எவர்சில்வரில் அப்படிச் செய்தபோது பரப்பு கடினமானது, ஆனால் துருப்பிடித்தது. நைட்ரஜன் குரோமியத்தைப் பிடித்துத் தன்னோடு கட்டிப்போட்டுவிட்டதால் படலத்துக்குக் குரோமியம் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜாங், பெல் ஆகிய இருவர் 1985-ல் வெளியிட்ட வேலை இதற்கு வழி காட்டியது. சூட்டை 450 டிகிரிக்குக் கீழே வைத்தால் போதும். நைட்ரஜன் அணு சிறியது, அந்தச் சூட்டிலும் உலோகத்துக்குள் நகர்ந்துவிடும். குரோமியம் அணு பெரியது, அசைய முடியாது. ஆகவே இரண்டும் சேர்ந்து தனிப் பொருளாகப் பிரிய வழியில்லை. நைட்ரஜன், உலோக அணுக்களின் இடைவெளிகளில் நெருக்கியடித்து அமர்கிறது, குரோமியம் தன் இடத்திலேயே படலத்துக்காகக் காத்திருக்கிறது. சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரையே தடித்த அந்த அடுக்கின் கடினம், அடியிலுள்ள எஃகைப் போல ஐந்து மடங்கையும் எட்டும். உப்புநீரில் குழியரிப்பையும் அது பெரும்பாலும் இன்னும் நன்றாகத் தாங்குகிறது.

கல்பாக்கத்தில் படலம் இல்லாத உலகம்

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில், 500 மெகாவாட் வேக ஈனுலைக்காகப் பணியாற்றிய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் நேர்மாறான சிக்கலைச் சந்தித்தார்கள். அந்த உலையில் வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். உலைக்குள் அதன் சூடு சுமார் 400 முதல் 550 டிகிரி வரை. சோடியத்துக்கு ஆக்சிஜன் மேல் தீராப் பசி. எஃகின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை அது மெல்ல நீக்கிவிடும். படலம் போன எஃகும் எஃகும் அழுத்தத்தில் உரசினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எரிபொருள் கட்டுகளைத் தாங்கும் அடித்தட்டில் அப்படி ஒட்டிக்கொண்டால் கட்டுகளை வெளியே எடுக்கவே முடியாது.

அதனால் உரசும் இடங்களில் வேறு ஒரு உலோகக் கலவையைத் தடித்த பூச்சாக உருக்கி ஏற்ற வேண்டியிருந்தது. வழக்கமாக இதற்குப் பயன்படும் ஸ்டெல்லைட்டில் பாதிக்கு மேல் கோபால்ட். அது நியூட்ரான்களை வாங்கிக் கோபால்ட்-60 ஆக மாறும். பாதியாகக் குறைய 5.27 ஆண்டுகள் எடுக்கும் கதிரியக்கப் பொருள் அது. பழுது பார்க்கும் தொழிலாளிகள் மேல்தான் அந்தக் கதிர்வீச்சு விழும். அதனால் நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கால்மனாய் என்ற கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவோ எளிதில் உடையும் இயல்புடையது, எஃகோடு ஒரே அளவில் சுருங்காது. ஏற்றிய பூச்சு ஆறும்போது விரிசல் விடும். அடித்தட்டைப் போன்ற பெரிய உறுப்பு முழுவதையும் முன்கூட்டியே சூடாக்கி, பிளாஸ்மா சுடரால் பூச்சை ஏற்றி, பிறகு மிக மெதுவாக ஆறவிட்டுத்தான் அந்த விரிசலைத் தவிர்க்க வேண்டியிருந்தது.